கூடுதல் இரண்டு வருட வாரண்டி

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாசாயிலுள்ள வீட்டிலிருந்து ஜொகூர் பாரு நகரத்துக்கு மடிக்கணினி வாங்கக் கிளம்பினோம். என் கணவருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. மற்ற ஆறு நாட்களும் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குச் சனிக்கிழமையும் அரை நாள் வேலை உண்டு. எங்கள் வீட்டில் எதைச் செய்வதென்றாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எப்ப போறது?" என்பதுதான்.

எந்த மடிக்கணினி என்பதை மகள் முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள். அதனால் தேடும் வேலை இல்லை. கடைக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம், கணினி விளையாட்டுக்காரர்களுக்கென்று வைத்திருந்த ஒரு பெரிய சிவப்பு நாற்காலியில் என் கணவர் சும்மா உட்கார்ந்து பார்த்தார். அடுத்த நிமிடம் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மகளுக்குக் கூச்சம். "ம்மா, அப்பாவ எழுப்புங்க லா" என்றாள். நான் எழுப்பவில்லை.

விற்பனையாளர் எங்கள் ஆள்தான், தமிழர். ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனிச் சட்டை அவருக்கு ஓர் அளவு பெரிதாக இருந்தது. பாசிர் கூடாங்கில் வேலை என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நானும் அங்கதான் மேடம், இருவத்திரண்டு வருஷம். கம்பெனிய மூடிட்டாங்க. இப்ப நின்னுக்கிட்டே வேல."

சொல்லிவிட்டு, ஒரு காலின் பாரத்தை மறு காலுக்கு மாற்றிக்கொண்டார். பில் போடும் இடத்துக்கு வந்ததும், நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி வந்தது.

"மேடம், தயாரிச்ச கம்பெனி குடுக்கறது ஒரு வருஷம்தான். அதுக்கு மேல இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டி எடுத்துக்கறீங்களா? கொஞ்சம் காசுதான் கூட. மன நிம்மதி."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் அசதியாக வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

தொழிற்சாலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் நான் ஓர் அழைப்பு மையத்தில் வேலை செய்தேன். கடைகளில் இப்படிக் கூடுதல் வாரண்டி வாங்கியவர்கள், பொருள் கெட்டுப்போனால் எங்களைத்தான் அழைப்பார்கள். பயிற்சியின் முதல் நாளிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தது, நாம் விற்பது மன நிம்மதி என்று. இரண்டாம் நாளிலிருந்து எந்தெந்தக் காரணத்துக்கு இல்லை என்று சொல்லலாம் என்பதைச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பட்டியல் நீளமானது. ஒரு வருடத்தில் எனக்கு அது மனப்பாடம்.

ஒருநாள் சாஆ என்ற சிற்றூரிலிருந்து ஒருவர் அழைத்தார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். மகளின் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினியில் பாதி எழுத்துகள் வேலை செய்யவில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஜொகூர் பாருவுக்கு வந்து பழுது பார்க்கும் இடத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் தட்டுத்தடுமாறி மலாயில் கேட்டார். நானும் மலாயில் பதில் சொன்னேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அவர் நிறுத்தினார்.

"நீங்க தமிழாம்மா?"

"ஆமாங்க ஐயா."

"அப்பாடா" என்றார். ஒரு பாரத்தை இறக்கி வைத்த சத்தம் அது. பிறகு மகள் எந்தப் பாடம் படிக்கிறாள், தேர்வு எப்போது, வாங்கும்போது கடைக்காரர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னார். என் திரையில் பழுதுபார்ப்பவரின் அறிக்கை திறந்திருந்தது. கூடவே ஒரு படம். விசைப்பலகையின் அடிப்பக்கம் முழுக்க எறும்பு; இடையிடையே வெள்ளை வெள்ளையாக முட்டைகள். பூச்சியால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது.

அதை அவரிடம் தமிழில் சொன்னேன். தமிழில் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. மலாயில் அது வெறும் விதி. தமிழில் சொன்னபோது நானே மறுப்பதுபோல் இருந்தது.

 "எறும்பு எங்கள கேட்டுட்டாம்மா வருது? எஸ்டேட் வீடும்மா. சோத்துப் பானையிலயே ஏறுது" என்றார்.

மறுநாளும் அழைத்தார். அதற்கு மறுநாளும். வேறு யார் எடுத்தாலும், "அந்தத் தமிழ்ப் பிள்ளைகிட்ட குடுங்க" என்று கேட்பாராம். "உன் அங்கிள் வந்துட்டாரு" என்று பக்கத்து மேசைக்காரி சொல்லிச் சிரிப்பாள். என் மேலதிகாரியிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்குச் செய்தால் எல்லாருக்கும் செய்ய வேண்டிவரும் என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. நான் இரண்டாவது முறை கேட்கவில்லை.

கடைசி அழைப்பில் அவர் குரல் தணிந்திருந்தது.

"சரிம்மா. அத விடு. கம்பெனி ஆளா சொல்லாத, நம்ம பிள்ளையா நெனச்சு சொல்லு. நான் ஏமாந்துட்டேனா?"

எங்கள் பேச்சு பதிவாகிக்கொண்டிருந்தது. மாதத்துக்கு நான்கு அழைப்பை எடுத்துக் கேட்பார்கள். எதைக் கேட்பார்கள் என்று தெரியாது. நான் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் கேட்க வேண்டிய வாக்கியத்தைக் கேட்டேன்.

"வேற ஏதாச்சும் உதவி வேணுங்களா ஐயா?"

"இல்லம்மா. நல்லா இரு" என்று வைத்துவிட்டார்.

அழைப்பு முடிந்ததும், பேசியவருக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் ஒரு பதிவுக் குரல். அவர் ஐந்தை அழுத்தியிருந்தார். மாதக் கடைசியில் அது என் கணக்கில் நல்ல பெயராகச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நான் அங்கேயே வேலை செய்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

விற்பனையாளர் இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். "நிபந்தனைத் தாள் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கும் மேடம். அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க." இழுப்பறையில் தேடி எடுத்துக் கொடுத்தார். எழுத்து எறும்பு அளவுதான். என் கண்ணாடி வீட்டில் இருந்தது. அவர் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடை நடுவில் நின்று, முதல் வரியிலிருந்து படித்தேன். வேறு கம்பெனிதான், ஆனால் பட்டியல் அதே பட்டியல். பூச்சி கிடையாது. தண்ணீர் கிடையாது. இடி மின்னல் கிடையாது. உள்ளே இருக்கும் கோப்புகளுக்குப் பொறுப்பில்லை. பதினான்கு நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் எதுவுமே கிடையாது.

"பதிவு பண்ணணும்னு வாங்கறவங்ககிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சங்கடப்பட்டார். "எனக்கே தெரியாது மேடம். இத விக்கணும்னு டார்கெட் மட்டும்தான் சொன்னாங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தபோது என் கணவர் விழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன, முடிஞ்சதா?"

"கூடுதல் வாரண்டி எடுக்கறதான்னு பாக்கறேன்."

"நீதானே வாரண்டி கம்பெனியில வேல செஞ்ச. நல்லதா கெட்டதா? சொல்லிரு, போலாம்."

 ஆறு வருடம் இல்லை என்று சொன்னது நினைவிருந்தது. சரி என்று சொன்ன அழைப்புகளும் இருந்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் அவைதான் அதிகம். ஆனால் அவற்றில் ஒரு குரல்கூட எனக்கு நினைவில்லை.

"ஏமாத்து வேலங்க. பாதிக்கு மேல கவர் ஆகாது" என்றேன்.

"மீதி பாதி?"

"அது கவர் ஆகும்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "இங்க பாரு. பிள்ள படிக்க வடக்க போவப் போவுது. அது கெட்டுச்சுன்னா யாரு தூக்கிக்கிட்டு கட கடயா அலையறது? நீயா, நானா? காசப் பத்தி நான் பேசல. நமக்கு ஏது நாளு?"

மகள் மடிக்கணினிப் பெட்டியை அணைத்தபடி நின்றாள். நான் வாங்கினேன். சம்மதித்து வாங்கினேன் என்று சொல்ல முடியாது. மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. விற்பனையாளர் இரண்டு முறை நன்றி சொன்னார். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மறந்து வாசல்வரை போய்விட்டேன். அவர் பின்னால் வந்து சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் பெரும் ஜாம். கார் நகரவில்லை. அந்தச் சாஆக்காரரைப் பற்றி அன்றுதான் இருவரிடமும் சொன்னேன். கடைசியில் அவர் கேட்ட கேள்வியையும், நான் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவர் அழுத்திய ஐந்து மதிப்பெண்ணையும் சொன்னேன். கணவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து மகள் கேட்டாள். "அந்த அங்கிளோட மக என்ன ஆனாங்கம்மா?"

"தெரியல."

"நீங்க கேக்கவே இல்லையா?"

"இல்ல."

 அவள் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலையே வாரண்டியைப் பதிவு செய்தேன். கடைப் பில்லைப் படம் எடுத்து வைத்தேன். அந்தத் தாளில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும், பில் தெரியவில்லை என்றே பல பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். மகள் கிளம்பும் நாளில் எறும்பை விரட்டும் சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்கி அவள் பையில் வைத்தேன். மேசைக் காலைச் சுற்றிக் கோடு போட வேண்டும், பக்கத்தில் வைத்து எதையும் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ம்மா, இது லேப்டாப்பா, லட்டா?" என்றாள். அன்று மூவரும் சிரித்தோம்.

இரண்டாவது வருடத்தின் நடுவில் அதன் திரையில் பச்சைப் பச்சையாகக் கோடுகள் விழுந்தன. நான் சண்டைக்குத் தயாரானேன். பில்லின் படம், பதிவு எண், மகள் அனுப்பிய காணொளி எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, மதிய உணவு நேரத்தில் தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழைத்தேன். ஓர் இளம் பெண் எடுத்தாள். மலாயில் பேசினாள். விவரம் கேட்டாள், படங்களைப் பார்த்தாள், திரை மாற்றித் தருவார்கள் என்றாள். மகளின் விடுதிக்கே ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார்களாம். அவ்வளவுதான். அவள் வைத்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெயிலில் நின்றிருந்தேன். பேசுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே மிச்சமிருந்தது.

கணவரிடம் சொன்னபோது, "பாத்தியா, நல்லதாப் போச்சு" என்றார். எனக்கும் நல்லதாகத்தான் தெரிந்தது.

ஒன்பது நாள் கழித்து மடிக்கணினி புதுத் திரையோடு திரும்பி வந்தது. அன்று மாலை வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது மகள் அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வாங்கியதுபோல் ஆக்கி அனுப்பியிருந்தார்கள். பாதி எழுதி வைத்திருந்த ஒரு கட்டுரை, அவள் வேறு எங்கும் சேமிக்காதது, போய்விட்டது.

"திரையத்தானே மாத்தணும்? உள்ள எதுக்கும்மா கை வச்சாங்க?"

கோப்புகளுக்குப் பொறுப்பில்லை என்ற வரியை நான் அன்று கடையில் நின்று படித்தேன். எறும்பைப் பற்றி அவளிடம் நூறு தடவை சொன்னேன். இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"என் தப்பும்மா. குடுக்கறதுக்கு முந்தி எல்லாத்தையும் வேற எடத்துல போட்டு வைன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பரவால்லம்மா. லெக்சரர் மூணு நாள் கூடக் குடுத்திருக்காங்க. எழுதிருவேன்."

"நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் வேணாம். போன வைக்காதீங்க, அப்படியே இருங்க. நான் எழுத ஆரம்பிக்கிறேன்."

நான் ஒலிபெருக்கியைப் போட்டு போனைச் சோபாவின் கைப்பிடியில் வைத்தேன். தொழிற்சாலைக் காலணியைக்கூடக் கழற்றாமல் சாய்ந்தேன். வடக்கே எங்கோ ஓர் அறையில் அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் தட்டுவாள், நிறுத்துவாள், என்ன எழுதியிருந்தோம் என்று நினைவுபடுத்திப் பார்ப்பாள் போலிருக்கிறது, மறுபடி தட்டுவாள். கேட்டுக்கொண்டே கண்ணை மூடினேன்.