மறதிக்காரியின் மனு

போன மாதம் கிளினிக்கில் எனக்கு இரத்த அழுத்தம் பார்த்து முடித்த மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அங்கிள், ஞாபகமெல்லாம் முன்ன மாதிரி இருக்கா, கொறஞ்ச மாதிரி இருக்கா?"

"மாதிரின்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது? சோதிச்சுப் பாத்துட்டு நீங்கதான் சொல்லணும்."

அவள் என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என் மகளைப் பார்த்தாள். மகள் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கொறஞ்சிருச்சு மிஸ்ஸி," என்றாள். அது பதிவானது. எதையாவது நினைவுபடுத்திச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. வீடு வரும்வரை காரில் சாலைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். மகள் அதையும் வயதின் கணக்கில் சேர்த்திருப்பாள்.

பணிக்காலம் முழுவதையும் அரசாங்க அலுவலகங்களில் கழித்தவன் நான். விண்ணப்பதாரர் சொல்ல வேண்டிய பதிலை உறவினர் சொல்லக்கூடாது என்பது எந்த விசாரணைக்கும் முதல் விதி. அதை மீறினால் என்ன ஆகும் என்பதை மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த காலத்தில் என் பெற்றோரின் வீட்டிலேயே பார்த்தேன். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மலாக்காவில் காஜா பெராங்கில் பலகை வீடு ஒன்றில் எங்களோடு வந்து சேர்ந்தார். "என் மண்ட இரும்புப் பெட்டிடா," என்பார். "உள்ள போனது எதுவும் வெளிய போகாது." சரியான தகவல் மட்டும்தான் உள்ளே போயிற்றா என்று அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்த்ததில்லை. அவர் சொன்னதில் யாராவது சந்தேகப்பட்டால் குரலை உயர்த்துவார். குரல் உயர்ந்ததும் நினைவு சரியாகிவிடும்.

அம்மாவுக்கு அந்த வீட்டில் ஒரு பட்டம் இருந்தது. மறதிக்காரி. அப்பாவின் கண்ணாடி காணாமல் போனால் அம்மாவின் மறதி. குடையைக் கடையில் அவரே விட்டுவிட்டு வந்தால், அதை நினைவுபடுத்தாதது அம்மாவின் மறதி. இப்படி எத்தனையோ வருஷங்கள் கேட்டுக் கேட்டு அம்மாவும் அதை நம்பிவிட்டாள். யார் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். "எனக்கு எங்கப்பா ஞாபகம்? அப்பாவக் கேளு."

ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் மலாக்கா செட்டிகள். எங்களைப் போல விபூதி பூசிக் கோவிலுக்குப் போகிறவர்கள். வீட்டில் பேசுவது மலாய். அவர்கள் பொங்கலுக்கு முந்தின நாள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். ஒவ்வொருவருக்கும் உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதுதான் இலைக்கு வரவேண்டும். படைத்து முடியும்வரை எதையும் ருசி பார்க்கக்கூடாது. உப்பும் புளியும் முழுக்க நினைவில்தான் நிற்கவேண்டும். அந்த வீட்டம்மாவுக்கு அது நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் வேலியோரம் வந்து, என் அம்மாவைத்தான் கேட்பார்.

"அக்கா, என் மாமனாருக்கு முட்டைய அவிக்கணுமா, பொரிக்கணுமா?"

"பொரிக்கணும். மஞ்சக்கரு ஒடையக்கூடாது. உன் நாத்தனாருக்குத்தான் அவிச்சது."

இந்தப் பேச்செல்லாம் மலாயில் நடக்கும். அம்மா ஒரு கணம்கூட யோசிக்கமாட்டாள். அதே அம்மா படியேறி உள்ளே வந்ததும், சீனி டப்பா எங்கே என்று அப்பா கேட்டால் தடுமாறுவாள்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தது. எல்லாரும் குடியுரிமைக்கு மனுப் போட்டார்கள். அப்பாவுக்குத் தொந்தரவு இல்லாமல் கிடைத்தது. வேலையில் இருந்தவரை, ஒரே ஒரு விடுப்பைத் தவிர, தோட்டத்தை விட்டு அவர் எங்கும் போனதில்லை. அம்மாவின் மனுதான் பாக்கி. சந்தையில் யாரோ அவளிடம், தாள் இல்லாதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது என்று நான் விளக்கினேன். பயத்துக்குச் சட்டம் தெரியாது.

"நீங்கள்லாம் இங்க," என்றாள். "அங்க எனக்கு யாருடா இருக்கா? நான் மட்டும் எங்க போய் இருக்குறது?"

விதி எளிமையானது. மனுப் போடுவதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை இந்த நாட்டில் கழித்திருக்கவேண்டும். அம்மா ஒரு முறை இந்தியாவுக்குப் போய்ச் சில வருஷங்கள் இருந்துவிட்டு வந்தவள். அப்பாவின் தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்த்துக்கொள்ளப் போனாள். கைக்குழந்தையான என்னையும் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா நடுவில் ஒரு முறை விடுப்பில் வந்துபோனார்; தங்கை அங்கேதான் பிறந்தாள். அது ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் நடந்தது என்றால் மனுவுக்குப் பாதகமில்லை. அவன் போன பிறகு என்றால் மனு விழுந்துவிடும். கப்பல் தாள்களை ஜப்பான்காரன் காலத்தில் பிஸ்கட் டின்னில் போட்டு மண்ணில் புதைத்தோம். டின் துருப்பிடித்து, கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது வாய்ச்சொல் மட்டும்.

விசாரணை நாளில் அலுவலகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அப்பா எழுந்தார். தானே மொழிபெயர்ப்பதாகச் சொன்னார். அதிகாரி ஒரு மலாய்க்காரர், பொறுமையானவர், சரி என்றுவிட்டார். அம்மாவுக்கு மலாய் வருமா என்று யாரும் கேட்கவில்லை. நான் அப்போது நில அலுவலகத்தில் குமாஸ்தா. விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த அம்மா எப்போதாவது நாட்டை விட்டு வெளியே போனதுண்டா?" என்று அதிகாரி கேட்டார்.

அப்பா அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவே இல்லை. ஐயா என்பதற்கான துவானைச் சேர்த்து, நேராக அவரே பதில் சொன்னார். "போனாள் துவான், இந்தியாவுக்கு. ஜப்பான்காரன் போன பிறகு. ரொம்ப நாள் இருந்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவன் நான்தானே."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார். அப்பா திரும்பித் தமிழில் கேட்டார்: "என்ன, சரிதான?"

"நீங்க சொன்னா சரிதாங்க. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்பா ஒரு சொல் விடாமல் மலாயில் மொழிபெயர்த்தார்.

நான் எழுந்து நின்று, அது தவறு என்றேன். உறவினர்கள் குறுக்கிடக்கூடாது என்று அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். அந்த விதி எனக்குப் பொருந்தியது, அப்பாவுக்குப் பொருந்தவில்லை. அம்மாவின் மனுவை நிராகரிப்பதாக அதிகாரி எழுதினார்.

அப்பா பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். அம்மா இல்லாமல் அவர் இரண்டு முறை தனியாக இருந்திருக்கிறார். ஒன்று, போருக்கு முன் அம்மா இந்தியாவில் இருந்த காலம். மற்றொன்று, ஜப்பான்காரன் போன பிறகு எங்கள் படிப்புக்காக அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு காஜா பெராங்குக்கு வந்து இதே வீட்டில் குடியிருந்த காலம். அப்பா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். தினமும் காலையில் அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிப் பள்ளிக்கு அனுப்பியது எனக்குத் தெரியும். அப்பாவின் இரும்புப் பெட்டிக்குள் இரண்டு தனிமையும் சேர்ந்து ஒன்றாகிவிட்டன.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன்.

"அப்பனுக்கே பாடம் எடுக்குறியா? ஆக்கித் தின்னவன் நான்டா. கருவாடு கருகுனதுகூட ஞாபகம் இருக்கு."

கருவாடு கருகியது உண்மைதான். எந்த வருஷத்தில் கருகியது என்பதுதான் கேள்வி. அதை அவரிடம் கேட்க முடியாது. அவர் நினைவை நான் சந்தேகித்ததாக எடுத்துக்கொள்ளமாட்டார். அவரையே சந்தேகித்ததாக எடுத்துக்கொள்வார்.

அடுப்படிக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லும்மா. கப்பல்ல வந்தது எப்போ? ஜப்பானுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"எனக்குத் தெரியாதுப்பா."

"தெரியாதா, சொல்லமாட்டியா?"

"அவங்க சொல்றாங்க இல்ல. அவங்களுக்குத் தெரியாததா? நான் ஒரு மறதிக்காரி." சொல்லிவிட்டு, உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்தாள். "அப்ப என்னை அனுப்பிருவாங்களா?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. தன்னை ஊரை விட்டு அனுப்பக்கூடிய ஒரு தவறுக்கு ஆமாம் போட்டுவிட்டு, என்னிடம் பயப்படுகிறாள். அன்று இரவு சாப்பிடாமல் உட்கார்ந்து மறுவிசாரணைக்கு எழுதினேன். மனுதாரரின் பதில் பெறப்படவில்லை. கணவரின் பதிலே பெறப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்மணி சாட்சி சொல்லத் தயார். இந்தியாவில் பிறந்த மகளின் வயதையும் சரிபார்க்கலாம். உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் எழுதினேன். உணர்ச்சியைப் பார்த்தால் அலுவலகங்கள் கோப்பை மூடிவிடும்.

மறுவிசாரணைக்கு அழைப்பு வந்தது. அம்மாவும் பக்கத்து வீட்டம்மாவும் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து, மீன் விலையைப் பற்றி மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த அதிகாரி நின்று, அத்தை என்பதுபோல மக்சிக் என்று அம்மாவை அழைத்தார்.

"மக்சிக் மலாய் பேசுவீங்களா?"

"சிக்கிட், சிக்கிட்," என்றாள் அம்மா. கொஞ்சம் கொஞ்சம் என்று அர்த்தம். தனக்குக் கொஞ்சம்தான் வரும் என்பதையும் யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும்.

அதிகாரி அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார். "கெடுத்துருவாடா," என்று அப்பா என்னிடம் முணுமுணுத்தார். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஒளறுவா." அறைக் கதவு பாதி உயரத்துக்குத்தான் இருந்தது. உள்ளே பேசுவது முழுவதும் கேட்டது. அவர்கள் மலாயில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"ஜப்பான் தோற்ற பிறகு எங்கே இருந்தீர்கள்?"

"காஜா பெராங்குலதான் துவான். வேற எங்கயும் போகல. இவங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு. இவங்க மாமியார் அப்பதான் செத்தாங்க. அடுத்த பார்ச்சுக்கு அவங்களுக்கும் சேத்து இலை போட்டோம். அரிசி ரேஷன். மரவள்ளிக் கிழங்கு கலந்துதான் சோறு. ஆனா அன்னாசி போட்ட மீன் குழம்பு இல்லாம அந்தக் கெழவி இலைக்கு எழுந்து வரமாட்டா. அன்னாசிக்கு நான் தெங்கேரா வரைக்கும் நடந்தேன்."

"இந்தியாவுக்குப் போனது?"

"அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி. திரும்பி வரும்போது என் மக கப்பல்ல தவழ்ந்தா. ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ நாங்க ரப்பர் காட்டுக்குள்ள ஓடினோம். அப்ப நான் அவளத் தூக்கல துவான். அவளே ஓடினா."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? நான்தானே இருந்தேன்."

அப்படி ஒரு வாக்கியத்தைத் தமிழில் அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "துவான், என் வீட்டுல செத்தவங்களுக்கு என்ன பிடிக்கும்னு எனக்கே தெரியாது. இந்த அக்காவக் கேட்டுத்தான் ஆக்குறேன். இவளப் போய் மறதின்னு எழுதினீங்கன்னா என் மாமியாரே எழுந்து வந்து கையெழுத்துப் போடுவா."

அதிகாரியும் சிரித்துவிட்டார். தங்கையின் வயதையும் அம்மா சொன்னதையும் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது.

நான் வராந்தாவில் நின்றபடி யோசித்தேன். அம்மாவின் நினைவு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறவில்லை. மலாயில் அவளை யாரும் மறதிக்காரி என்று சொன்னதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நம் மக்கள் ஓர் ஆளை எப்படிச் சிறுகச் சிறுக முட்டாளாக்குகிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த ஆள் நினைவை இழந்துவிடுவதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமையை இழக்கிறார்.

குடியுரிமைத் தாள் வந்தது. பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "என்ன பேசணும்னு நான் நல்லா சொல்லிக் குடுத்துத்தான் அனுப்பினேன்," என்றார். காப்பி கொண்டுவந்த அம்மா, "ஆமா, அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு எங்க ஞாபகம்," என்றாள். தட்டைப் பிடுங்கித் தரையில் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. தாளையும் அவளே அப்பாவிடம் கொடுத்தாள். தான் வைத்தால் வைத்த இடம் மறந்துவிடுமாம்.

தேர்தலுக்குப் பெயர் பதியச் சொன்னார்கள். அதற்கு அந்தத் தாள் வேண்டியிருந்தது. அப்பா அலமாரியைத் திறந்தார். இல்லை. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். அதிலும் இல்லை. குரல் உயர்ந்தது.

"எங்கடி வச்ச? கைல குடுத்த பொருள ஒழுங்கா வைக்கத் தெரியாதா? இன்னிக்கு விட்டா ஓட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

அம்மா சுவரோரம் நின்று, அவர் தேடி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சாமிப் படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தாளை எடுத்து நீட்டினாள்.

"மறந்து வச்சிட்டேங்க," என்றாள்.

"பாத்தியாடா?" என்றார் அப்பா என்னிடம். "நான் மட்டும் இல்லன்னா இவ தாளையே தொலச்சிருப்பா."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்; நானும் பின்னால் போனேன். கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா வேலியோரம் வந்திருந்தார்.

"கெடச்சிச்சா அக்கா?" என்று அவர் மலாயில் கேட்டார்.

"எங்க போகும்?" அம்மாவும் குரலைத் தாழ்த்தி மலாயிலேயே சொன்னாள். "அன்னிக்குப் பெரிய மழை. அலமாரி மேல கூரை ஒழுகுதுன்னு அவரே சாமிப் படத்துக்குப் பின்னால வச்சாரு. நான் அப்பவே பாத்தேன்."

"யாருகிட்ட என்ன பேசுற?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க," என்றாள் அம்மா தமிழில். "என்ன பேசினேன்னு மறந்துட்டேன்."