உட்காரச் சொன்னார் வக்கீலம்மா

பேருந்தில் மூன்று இருக்கைகள் காலியாக இருக்கின்றன. ஸ்கிரீன் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உடம்பின் பாரமெல்லாம் இடது காலில்; வலது கால் பேருக்குத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நடத்துநர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "உட்காருங்கம்மா, இடம்தான் கிடக்குதே." அக்கா சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் தம்பி, இதோ இறங்கிடுவேன்" என்கிறார். அவர் இறங்குவதற்கு இன்னும் ஒன்பது நிறுத்தங்கள் இருக்கின்றன.

வயது நாற்பத்தாறு. அதில் இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் நின்றே கழிந்தது. ஜன்னலுக்கும் வாசலுக்கும் போடுகிற ஸ்கிரீன் துணிப் பிரிவு அவருடையது. அதனால் கடையில் முதலாளி தவிர எல்லோருக்கும் அவர் ஸ்கிரீன் அக்கா. புதிதாக அந்தப் பெயரைக் கேட்கிறவர்கள் சினிமாவில் நடித்தவரோ என்று ஒரு நிமிடம் மரியாதையாகப் பார்ப்பார்கள். விஷயம் தெரிந்ததும் தங்கள் வீட்டு ஜன்னல் அளவைச் சொல்லி, எத்தனை மீட்டர் ஆகும் என்று கேட்டுவிடுவார்கள்.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அக்காவின் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். "நாலடிக்கு அஞ்சடி. சுருக்கம் வெச்சா நாலு மீட்டர் இழுக்கும்." கண்ணால் போட்ட கணக்கு இதுவரை அரை சாண் கூடத் தப்பியதில்லை. கண்ணெதிரே துணி கலைந்து கிடந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. அக்காவின் வழக்கை நடத்துகிற வக்கீலம்மாவின் கறுப்பு அங்கியை, அவர் போனில் பேசி முடிப்பதற்குள் மடித்து வைத்துவிட்டார். காலில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது அக்கா பேசிய முதல் வார்த்தை வலியைப் பற்றியது அல்ல. "இந்த வார்டு ஸ்கிரீனை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி மாட்டியிருக்காங்க பாரு." பக்கத்தில் இருந்த தம்பிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். கணவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவனுக்குக் கல்யாணம் இன்னும் அமையவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் எங்கேயோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவான். சாப்பாட்டு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் அவன் வாங்கிப் போட்டவை. ஒன்றில் அவன் உட்காருவான். இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையல் மேடையில் சாய்ந்தபடி சாப்பிட்டுவிடுவார்.

கடையின் சட்டம் அப்படி. விற்கிறவர்கள் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, கையைக் கட்டக் கூடாது. காலை ஒன்பதரையிலிருந்து கடை சாத்தும்வரை, மதியம் இருபது நிமிடம் நீங்கலாக, இதுதான். வாடிக்கையாளர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள் வரிசையாக உண்டு. "உட்காருங்க, உட்கார்ந்து நிதானமா பாருங்க" என்று அக்கா ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார். தன்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லையே என்று தோன்றியதில்லையா என்று தம்பி ஒருமுறை கேட்டான். "வேலைக்கு வந்த இடத்துல என்னடா உட்கார்றது?" என்று அக்கா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

துணி உருளைகளை அடுக்குகிற ரேக் ஒன்று சுவரோடு சேராமல் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா மாடி மேற்பார்வையாளரிடம் மூன்று தடவை சொன்னார். முதல் தடவை "பார்த்துக்கலாம்" என்றார் அவர். இரண்டாவது தடவை காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை, "நீங்க ஆடாம நின்னா அதுவும் ஆடாதுக்கா" என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், புதிதாக வீடு கட்டிய ஒரு தம்பதிக்காக அக்கா சாம்பல் நிற உருளை ஒன்றை உருவினார். ரேக் மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. உருளை ஒவ்வொன்றும் இருபது கிலோ இருக்கும்; அப்படிப் பதினான்கு. வலது முழங்காலும் அதற்குக் கீழுள்ள எலும்பும் நொறுங்கின. மெத்தை நாற்காலியில் இருந்த தம்பதிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அக்காவின் கைப்பையை எடுக்க அன்று சாயங்காலம் கடைக்குப் போன தம்பி, தொழில் புத்தி விடாமல் சுவரைப் பார்த்தான். போல்ட் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டான். சுண்டு விரல் நீளம்கூட இல்லை. உள்ளே வெறும் பூச்சு. "ஒரு லிஃப்டை நான் இப்படி மாட்டினா என்னைத் தூக்கி அதுக்குள்ளயே போட்டுடுவாங்க" என்று சொல்லியபடி போனில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டான். மறுநாள் அந்தச் சுவரைப் பூசி, வர்ணமும் அடித்துவிட்டார்கள். இன்றைக்கு வழக்கு என்று ஒன்று இருப்பதே அந்தப் படங்களால்தான்.

கடைக்காரர்கள் முதல் ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொண்டார்கள். கையோடு ஒரு காகிதமும் அனுப்பினார்கள். தவறுதலாக ரேக்கின் மேல் ஏறியதால் விபத்து நேர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் கடை நீட்டிய எந்தக் காகிதத்தையும் அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை. இதைப் படுக்கையில் கிடந்ததால் படித்தார். படித்துவிட்டுப் பேனாவை மூடினார். "ரேக்கு மேல ஏறினேனாம். நேத்து வந்த பொண்ணுகூட ஸ்டூல் போடாம ஏற மாட்டா. என்னைப் பார்த்து எழுதியிருக்காங்க." கால் போனதைவிட அந்த ஒரு வரிதான் அவரை அதிகம் சுட்டது. மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு போனபோது, "நின்னு வேலை செய்ய முடிஞ்சா வாங்க" என்றார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கு.

கேட்பது நஷ்டஈடு. முழங்காலில் இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் இரண்டு வருடத்தில் மடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி எத்தனை லிஃப்டைச் சரிசெய்தாலும் அந்தச் செலவை எட்ட முடியாது. வழக்கில் தோற்றால் அந்தக் கால் அவ்வளவுதான். இது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

கைகால் போனவர்களெல்லாம் தேடிவருகிற வக்கீலம்மாவின் அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தம்பிக்கு வயிறு எரியும். வக்கீலம்மாவுக்கு அக்காவைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் அக்கா அவர் முன்னால் உட்கார மாட்டார். "நீங்க உட்கார்ந்தாதான் எனக்குப் பேச வரும்" என்று அந்தப் பெண் எழுந்து நின்றுகொண்ட பிறகே நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொள்வார்.

அப்படிப்பட்டவரை, கால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தருகிற மருத்துவக் குழுவின் முன்னால் தனியாக அனுப்பியது வக்கீலம்மாவின் தப்பு. மூன்று டாக்டர்கள் காலைத் தட்டினார்கள், மடக்கினார்கள், அளந்தார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்: "ஒரே இடத்துல எவ்வளவு நேரம் உங்களால நிக்க முடியும்?" வேலைக்கு ஆள் எடுக்கும்போது கடையில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அக்கா நிமிர்ந்து நின்று அதைச் சொன்னார்: "கடை சாத்தற வரைக்கும் நிப்பேங்க."

அந்த வரி அப்படியே அறிக்கையில் ஏறிவிட்டது. படித்த வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "நிக்க முடியலேன்னு நான் இருபது பக்கம் எழுதியிருக்கேன். நீங்க ஒரே வரியில முடிச்சுட்டீங்களேக்கா."

"அவரு கேட்டாரு. முடியாதுன்னு எப்படிம்மா சொல்றது? அசிங்கமா இருக்காது?"

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்னால் அலுவலகத்தில் ஒத்திகை நடந்தது. வக்கீலம்மா நீதிபதி, தம்பி முதலாளி. "உட்காரச் சொன்னா உட்காரணும். சொல்லலேன்னாலும் கால் வலிக்குதுன்னு கேட்டு உட்காரணும். சரியா?" அக்கா தலையாட்டி உட்கார்ந்தார். தம்பி வெளியே போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதலாளி நடையில் உள்ளே வந்தான். அக்கா சட்டென்று எழுந்துவிட்டார். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "உன்னைப் பார்த்தே எழுந்துட்டேனேடா!" என்று அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. வக்கீலம்மாதான் முதலில் நிறுத்தினார்.

நீதிமன்றத்தில் நீதிபதி நல்ல மாதிரி. "உட்கார்ந்தே சொல்லுங்கம்மா" என்று நாற்காலி போடச் சொன்னார். அக்கா, "பரவாயில்லைங்க" என்று பக்கத்தில் நின்றார். மூன்றாவது வரிசையில் முதலாளி இருந்தார். வக்கீலம்மாவின் பார்வை அக்காவைச் சுட்டும் பயனில்லை.

கடைத் தரப்பு வக்கீல் இரண்டு படங்களை நீட்டினார். போன வாய்தா அன்று இதே நீதிமன்ற வராந்தாவில் எடுத்தவை. அக்கா நிற்கிறார், பக்கத்தில் பெஞ்ச் காலியாக இருக்கிறது. மேலே சுவர்க் கடிகாரம் ஒரு படத்தில் பத்து இருபது காட்டுகிறது, இன்னொரு படத்தில் பதினொன்று.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க."

"பெஞ்ச் காலியா இருக்கு, சரிதானே?"

"சரிதாங்க."

"நாற்பது நிமிஷம் நின்னிருக்கீங்க."

அக்கா படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். அளவு விஷயத்தில் அவர் தப்பு விட மாட்டார். "கூடவே இருக்கும்ங்க. நான் பத்து மணிக்கெல்லாம் வந்துட்டேன்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆக, உங்களால நிக்க முடியுது."

"முடியுதுங்க."

"அப்புறம் எதுக்கு இந்த வழக்கு?"

அக்கா வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதிதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பெஞ்ச் காலியா இருந்தும் ஏம்மா நின்னீங்க?"

அக்கா மூன்றாவது வரிசையைப் பார்த்தார். உடனே பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டார். "முதலாளி எதிர்ல இருந்தாருங்க."

"அதனால?"

"முதலாளி முன்னாடி எப்படிங்க உட்கார்றது?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "நின்னதால என்ன ஆச்சு?"

"மறுநாள் செருப்புக்குள்ள கால் நுழையலைங்க. மூணு நாள் தம்பிதான் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனான்." சொன்னபோது குரல் உடைந்தது. காலுக்காக அல்ல, தம்பி தூக்கிப்போனதை நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டிவந்ததற்காக. "நிக்க முடியாதுன்னு நான் என்னைக்கும் சொல்லலைங்க. நின்னா இப்படி ஆகுதுன்னுதான் சொல்றேன்."

"கடையில உட்கார இடம் இருந்துச்சா?"

"நிறைய இருந்துச்சுங்க. வாங்க வர்றவங்களுக்கு."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. தீர்ப்பு அடுத்த மாதம் என்றார்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்று தம்பி கேட்டதற்கு வக்கீலம்மா, "இன்னிக்குக் காலையில இருந்ததைவிடப் பரவாயில்ல" என்று மட்டும் சொன்னார். "ஆனா இனிமேலும் யாராவது படம் எடுப்பாங்க. நான் கையெழுத்து வாங்கிட்டு வர்ற வரைக்கும் அக்கா எழுந்திரிக்கவே கூடாது" என்று தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார்.

அதே வராந்தா, அதே பெஞ்ச். அக்கா உட்கார்ந்திருந்தார். வலது காலை நீட்டி வைத்திருந்தார். தம்பி பக்கத்தில் நின்றான்.

நீதிமன்ற அறையின் கதவு திறந்தது. முதலாளி தனியாகத்தான் வந்தார். பெரிய கொடுமைக்காரர் ஒன்றும் இல்லை. வேலை செய்கிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், யாருக்காவது காய்ச்சல் என்றால் வண்டி அனுப்புகிறவர். வராந்தாவில் வேறு வழி இல்லாததால் பெஞ்சைக் கடந்துதான் போக வேண்டும். அக்காவைப் பார்த்ததும் நடை தயங்கியது. பழக்க தோஷத்தில் முகத்தில் ஒரு சிரிப்பும் வந்துவிட்டது.

"என்னம்மா, சாப்பிட்டாச்சா?"

அக்காவின் இடது குதிகால் தரையிலிருந்து எழும்பியது. முதுகு பெஞ்சை விட்டுப் பிரிந்தது. எழுந்திருக்க உதவி வேண்டுமாக்கும் என்று நினைத்து தம்பி கையை நீட்டினான்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் தோள்மேல் வைத்து, அதன்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்துக் கீழே அழுத்திக்கொண்டு, "இன்னும் இல்லீங்க" என்றார்.