ஒரு விசில் என்றால் நில்

இது நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நீலசந்திராவுக்கு வாருங்கள். விஜி குடியிருக்கும் வீட்டுச் சந்தில், சுவரோரமாக, ஓர் ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் மஞ்சள் நிறக் கயாக் படகு ஒன்று இன்றைக்கும் கிடக்கிறது. பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவன்கூட வேண்டாம் என்று போய்விட்டான். தொட்டுப் பாருங்கள். உச்சி வெயிலிலும் சில்லென்று இருக்கும்.

விஜி பயந்தாங்கொள்ளி இல்லை. பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. ஆனால் ஓர் அதட்டல் போட்டால் பத்தாம் வகுப்புத் தடியன்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். ஞாயிறு தவறாமல் அல்சூர் ஏரிக்குப் போய் கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அங்கேதான் அவளுக்கு இரண்டு நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவன் சிரில், கற்றுக்கொடுத்தவன். இன்னொருவன் ஆம்ப்ரோஸ், கோலார் தங்கவயல்காரன், பனைமர உயரம், பஸ் கண்டக்டர் மகன். விஜிக்கு அவன் வைத்த பெயர் 'அரை டிக்கெட்'. அப்படிக் கூப்பிடும் துணிச்சல் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது.

ஏரியில் சிரில் ஒரு விதி வைத்திருந்தான். ஒரு விசில் ஊதினால் 'என்னைப் பார்'. இரண்டு ஊதினால் 'நில்'. ஆம்ப்ரோஸ் மண்டையில் இது ஏறவே இல்லை. அப்பாவின் பஸ்ஸிலேயே வளர்ந்தவன். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். அதுதான் அவன் ரத்தத்தில் ஊறியது. சிரில் கரையிலிருந்து இரண்டு ஊதினால், இவன் "ரைட்... ரைட்..." என்று கத்திக்கொண்டு துடுப்பை இன்னும் வேகமாகப் போடுவான். சிரில் தலையில் அடித்துக்கொள்வான். விஜி வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆகஸ்டில் ஆம்ப்ரோஸைக் காணவில்லை.

"ஆஸ்திரேலியா போயிட்டான். ஏதோ ஏஜென்ட் மூலமா விசா கெடச்சிடுச்சாம்" என்றான் சிரில்.

பிரேசர் டவுன் பக்கம் மாதத்துக்கு ஒரு குடும்பமாவது ஆஸ்திரேலியா போகிற காலம் அது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விஜிக்கும் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? இத்தனை நாள் பழகியது அவ்வளவுதானா? அதற்குப் பிறகு அவன் பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஏப்ரல் மாதம், சிரில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு மேப்பை விரித்தான்.

லடாக். மழை எட்டிப் பார்க்காத மலைப் பாலைவனம். பனி உருகி ஜன்ஸ்கார் ஆறாக ஓடும் இடம். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அடியில் சாம்பல் மணல். நடுவில் வெள்ளை நுரையாகத் தண்ணீர். ஐந்து நாள் கயாக்கில் போக வேண்டும். உள்ளே போய்விட்டால் சாலை கிடையாது, போன் கிடையாது, திரும்பும் வழியும் கிடையாது. சோறு, துணி, மருந்து எல்லாம் படகுக்குள்ளேயே அடங்க வேண்டும்.

"நீ இதுக்கு முன்னாடி போயிருக்கியா?"

"ஒரு தடவ. தனியா."

சிரில் முன்னால் போவான். ஆறு வளைகிற இடத்தில் கரையேறிப் பார்த்து விசில் ஊதுவான். பின்னால் வருகிறவளுக்கு அவன் விசில்தான் கண். அதை நம்பித்தான் அவள் அந்தத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். நம்பினாள். பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு லீவு வாங்கினாள். பெண் பார்க்க வரவேண்டியவர்களை அம்மாவிடம் சொல்லித் தள்ளிப் போட்டாள்.

"ஒண்ணு ஊதினா நில்லு. ரெண்டு ஊதினா வா" என்றான் சிரில்.

"என்ன தலைகீழா மாத்திட்ட?"

"பஸ் மாதிரியே இருக்கட்டும் விஜி. அதான் நல்லது."

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். மேப்பில் மூன்றாம் நாள் வரும் வளைவின்மேல் அவனுடைய டீ கிளாஸ் இருந்தது. அவள் நகர்த்தினாள். சற்று நேரத்தில் பார்த்தால், கிளாஸ் மறுபடியும் அதே இடத்தில் இருந்தது. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பர்மிட் வாங்க சிரில் டெல்லிக்குக் கிளம்பினான். "போட் அனுப்பி வைக்கிறேன். சாமானெல்லாம் அடங்குதான்னு பாத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மே மாதம். விஜியின் அம்மா ஓசூருக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு நாள் விஜி பள்ளிக்கூடக் கோடை முகாம் முடிந்து வரும்போது, பக்கத்து வீட்டு லட்சுமம்மா, தன் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பத்தூர் போக ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். ஏறியபடியே கத்தினாள்.

"விஜிமா! உனக்கு என்னமோ வந்திருக்கு, பொணப்பெட்டி கணக்கா! சந்துல வச்சிருக்கேன்!"

ஆட்டோ போய்விட்டது. சந்தில் மஞ்சள் கயாக். சொன்னபடி அனுப்பிவிட்டானே என்று விஜிக்குச் சந்தோஷம்.

உள்ளே நைசான சாம்பல் நிற மணல் இருந்தது. தட்டிக் கொட்டினாள். மறுநாளும் இருந்தது. துடைத்தாள். அதற்கு மறுநாளும் இருந்தது.

படகுக்குள் கால் முட்டுக்கொடுக்க இரண்டு கட்டைகள் இருக்கும். காலின் நீளத்துக்கு ஏற்றபடி நகர்த்திக்கொள்ளலாம். தன் குட்டைக் காலுக்கு ஏற்ப அவற்றைக் கிட்டே இழுத்து மாட்டினாள். சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. கட்டைகள் கடைசித் துளையில் இருந்தன.

ரொம்ப உயரமான ஆளுக்கு வைத்தது போல.

சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது என்று மறுபடி இழுத்து மாட்டினாள். காலையில் மறுபடி கடைசித் துளை. தெருக் குழந்தைகளின் வேலையாக இருக்கும் என்று சந்துக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். பூட்டு அப்படியே இருந்தது. கட்டை மட்டும் நகர்ந்திருந்தது.

நான்காம் நாள் சாமான் அடுக்க ஆரம்பித்தாள். தண்ணீர் புகாத பைகளில் அரிசி, பருப்பு, ஸ்டவ். முதல் பையைப் படகுக்குள் தள்ளினாள்.

பீ...ப்.

ஒரே ஒரு விசில். மெல்லிசாக. எங்கோ தூரத்தில் ஊதினது போல... ஆனால் படகுக்குள்ளிருந்து.

கையை எடுத்தாள். சத்தம் இல்லை. இரண்டாவது பையை எடுத்தாள்.

பீ...ப்.

ஒரு விசில் என்றால் நில்.

பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் சந்துப் பக்கம் போகவில்லை.

அதற்கு மறுநாள் சாயங்காலம் சிரில் வந்தான். மணி ஏழு இருக்கும். அப்போதுதான் கரண்ட் போனது. கையில் பர்மிட், முகமெல்லாம் சிரிப்பு. விஜி மெழுகுவத்தி ஏற்றினாள்.

"எல்லாம் ஓகே விஜி! அடுத்த வாரம் உனக்கு போட் வந்துடும்."

விஜிக்குப் புரியவில்லை.

"வந்துடுச்சே. சந்துல இருக்கு."

"எது? நான் இன்னும் அனுப்பவே இல்லையே."

மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். சிரில் எட்டிப் பார்த்தான். அவன் கையிலிருந்த பர்மிட் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"இது... இது எப்படி இங்க..."

"ஏன், யாருது இது?"

அவன் பார்வை படகின் மூக்கில் இருந்த நீளமான கீறலில் நின்றது. ஓரடி பின்னால் நகர்ந்தான்.

டொக்.

படகை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

டொக்... டொக்.

பஸ் கிளம்ப கண்டக்டர் பக்கத்துத் தகரத்தில் தட்டுவானே... அப்படி.

படகுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. விஜி காலையில்தான் எட்டிப் பார்த்திருந்தாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மெழுகுவத்தி ஆடியது.

பீப். பீப்.

இரண்டு.

அப்புறம் அந்தக் குரல். வாயில் தண்ணீர் நிறைந்த குரல்.

"ரைட்... ரைட்..."

சிரில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினான்.

"நான் நில்லுன்னுதான்டா ஊதினேன்! சத்தியமா நில்லுன்னுதான்டா ஊதினேன்!"

விஜியின் மூளை தெளிவாக இருந்தது. எல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கியது. டீ கிளாஸ். மாற்றின விசில். ஆஸ்திரேலியா.

"ஆம்ப்ரோஸ் எங்க?"

"பர்மிட் இல்லாம போனோம்... யார்கிட்டயும் சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். மூணாம் நாள்... ரெண்டு ஊதினேன்... அவன் வந்துட்டான் விஜி. சிரிச்சிட்டே வந்தான். தண்ணி அவன படகோட கல்லுக்கு அடியில இழுத்துடுச்சு. கத்தினான்... ரொம்ப நேரம் விசில் ஊதினான்..."

"நீ?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ என்ன பண்ண?"

"வந்துட்டேன்."

விசில் ஊதிக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டு வந்திருக்கிறான். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அவளோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். அவள் ஆம்ப்ரோஸைத் திட்டும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறான். அதே ஆற்றுக்கு, அதே வளைவுக்கு, அவளையும் கூட்டிப் போகப் பார்த்திருக்கிறான். விஜிக்கு அந்த நேரம் படகைப் பார்த்துப் பயம் வரவில்லை. பக்கத்தில் நின்றவனைப் பார்த்துத்தான் வந்தது.

"வெளிய போ."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். கரண்ட் வந்தது. படகு காய்ந்து கிடந்தது. உள்ளே சாம்பல் மணல் மட்டும்.

மறுநாளே விஜி கோலார் தங்கவயலுக்குப் போனாள். ஆம்ப்ரோஸின் அம்மாவுக்கும் ஆஸ்திரேலியா என்றுதான் சொல்லியிருந்தான் சிரில். "வேலை ஜாஸ்தி போல, அதான் போன் பண்ண மாட்டேங்குறான்" என்று அந்த அம்மாள் காபி கொடுத்தாள். அந்தக் காபியைக் குடித்துவிட்டு உண்மையைச் சொன்னதுதான் தன் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் என்பாள் விஜி. போலீசிலும் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குள் சிரில் வீட்டைக் காலி செய்திருந்தான். எங்கே என்று கேட்டால், அக்கம்பக்கத்தில் ஆஸ்திரேலியா என்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால், ஏதோ பிரமை என்று விஜியே தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பாள். லட்சுமம்மா ஒரு மாதம் கழித்துப் பேரனோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, அந்தப் படகை யாருக்கா கொண்டாந்து போட்டாங்க?"

"யாரோ ஒரு பையன்மா. நல்ல உயரம், சந்துக் கதவு நெலயில குனிஞ்சுதான் உள்ள வந்தான். அன்னிக்கு என்னா வெயிலு! அவன் மட்டும் தலையிலேர்ந்து காலு வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தான். துண்டு குடுத்தேன், வேணாம்னுட்டான்."

"ஏதாச்சும் சொன்னானா?"

லட்சுமம்மா பேரனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. உன் வூட்டக் காட்டி 'அரை டிக்கெட் வூட்ல இருக்காளா?'ன்னு கேட்டான். இல்லப்பான்னேன். 'அன்னிக்குச் சொல்லாம போயிட்டேன், கோவமா இருப்பா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்'னான்."