சித்தப்பாவை இறந்தவராக எழுதினேன்

இது நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அருப்புக்கோட்டையில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கார்த்திகை மாதம், காலை பதினொரு மணி இருக்கும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண்ணிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய வாய் அது. அந்தப் பொய்யை எங்காவது எழுதி வைக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் பூர்வீக ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே என் அப்பாவுக்கும் அவருடைய தம்பிக்கும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவில் நாலு ஏக்கர் புஞ்சை. மழை பெய்தால் குதிரைவாலி, பெய்யாவிட்டால் சீமைக்கருவேல். எனக்கு ஐந்து வயது இருக்கும்போது சித்தப்பா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். கடற்கரைப் பக்கம் போய்க் கள்ளத்தோணி ஏறி இலங்கைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

அவருக்கு ஒரே தங்கை, என் அத்தை. கணவர் இறந்ததும் பிறந்த வீட்டுக்கே வந்து, நாலு வெள்ளாடுகளோடு அந்தப் பழைய வீட்டில் இருக்கிறார். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வருடாவருடம் குலதெய்வக் கோயில் திருவிழாவான மாசிக் களரிக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடுவோம். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. சித்தப்பாவுக்கும் ஒன்று போட்டுவிடலாம் என்று யாராவது பேச்செடுத்தால் அத்தைக்குக் கோபம் வந்துவிடும். "உசுரோட இருக்கவனுக்கு எலையப் போட்டா அவன் வயித்துல சோறு எறங்குமா?" என்பார்.

பணி ஓய்வுக்குப் பிறகு வம்ச வரலாறு தேடுவது எனக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. பட்டா, வில்லங்கம், பழைய பத்திரங்கள் என்று கம்ப்யூட்டரில் கிடைத்ததை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். ஏழு தலைமுறை வரை பெயர் பிடித்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த மகள் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து அதில் எச்சிலைத் துப்பச் சொன்னாள். திரும்பிப் போகும்போது எடுத்துப் போய் டிஎன்ஏ பரிசோதனைக்குக் கொடுத்தாள். அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே வம்ச மரமும் வரையலாம். நான் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஏற்றினேன்.

அதே சமயத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் சோலார் மின்சாரத்துக்கு நிலம் வாங்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் புஞ்சையையும் கேட்டார்கள். மகனுக்கு மதுரையில் ஒரு வீடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. தடையாக இருந்தது பட்டாவில் இருந்த சித்தப்பாவின் பெயர். அவர் கல்யாணம் ஆகாமல் இறந்துவிட்டார் என்று கூடப்பிறந்தவர் என்ற முறையில் அத்தை எழுதிக் கொடுத்தால் மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தரகர் சொன்னார். தாளோடு ஊருக்குப் போனேன். அத்தை ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எங்கண்ணன் செத்ததை நீ பாத்தியாலே? பாத்தவன் எவனாவது வந்து சொல்லட்டும், அப்ப வைக்கிறேன் கைநாட்டு."

எரிச்சலோடு அருப்புக்கோட்டை வீட்டுக்குத் திரும்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வம்ச மரத்தில் சித்தப்பாவின் பெயருக்குக் கீழே 'உயிரோடு இருப்பவர்', 'இறந்தவர்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. 'இறந்தவர்' கட்டத்தைத் தொட்டேன். பிள்ளைகள் இல்லை என்றும் போட்டேன். அத்தை தராத கையெழுத்தை நானே போட்டுக்கொண்ட மாதிரி ஒரு திருப்தி. அந்தத் தளத்தில் உயிரோடு இருப்பவர்களின் பெயரை வெளியாருக்குக் காட்டமாட்டார்கள், இறந்தவர்களின் பெயரை மட்டும்தான் எல்லோரும் பார்க்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஐப்பசி பிறந்ததும் ஒரு செய்தி வந்தது. கனடாவிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நெருங்கிய ரத்த உறவு என்று பரிசோதனை காட்டுகிறதாம். என் வம்ச மரத்தில் அவளுடைய தாத்தாவின் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர் எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஒன்றே ஒன்றுதான் தப்பு. அவர் இறந்துவிட்டதாகப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் இதை எழுதும்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து இடியாப்பத்துக்குச் சொதி போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று முடித்திருந்தாள்.

நான் சிரித்துவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம்தான். மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பட்டா ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முழுக்க நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து நடக்கவும் முடியவில்லை. அறுபத்தேழு வருடம் எட்டிப் பார்க்காதவர்கள் நிலம் விலை போகிற நேரம் பார்த்து ஏன் வர வேண்டும் என்று மனது குதர்க்கம் பேசியது. மறுநாள் பதில் எழுதினேன். எங்கள் பக்கம் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால் ஊரில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் ரத்த சம்பந்தம், இதே பெயரில் நிறையப் பேர் உண்டு, நீங்கள் தேடுவது வேறு குடும்பமாக இருக்கும் என்று எழுதினேன். படித்தவன் சொல்கிற பொய் அப்படித்தான் இருக்கும், பாதி உண்மையாக இருக்கும். வம்ச மரத்தையும் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டினேன்.

அவள் விடவில்லை. சிநேகிதியின் கல்யாணத்துக்கு மதுரை வருவதாகவும் ஒரு மணி நேரம் என்னைப் பார்த்தால் போதும் என்றும் எழுதினாள். மறுத்தால் நேராக ஊருக்கே போய்விடுவாளோ என்று பயம். அதனால்தான் அந்த டீக்கடைக்கு வரச் சொன்னேன். வீட்டுக்கு வாம்மா என்று சொல்லவில்லை.

பஸ்ஸில்தான் வந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. டீயை வாங்கியதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். என் அத்தை ஊதுகிற மாதிரியே இருந்தது. நான் தெருவைப் பார்த்துக்கொண்டேன்.

"வேற குடும்பமா இருந்தாலும் பரவாயில்ல. எங்க அப்பாவ விட மூத்தவர், உங்கள பெரியப்பா எண்டே கூப்பிடுறன்," என்றாள்.

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே இணையத்திலிருந்து அச்செடுத்த எங்கள் கூட்டுப் பட்டா. அப்பா பெயர், சித்தப்பா பெயர், இருவருக்கும் நேரே தகப்பன் பெயராக என் தாத்தா பெயர். டீ சிந்திவிடப் போகிறது என்று அதை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறாள் பார், கோர்ட்டுக்குப் போகத்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அவளுடைய தாத்தாவுக்கு ஒரு தங்கை உண்டாம். சின்ன வயதில் ஊஞ்சலைத் தள்ளிவிட்டுத் தங்கையின் நெற்றியைக் கிழித்துவிட்டாராம். எண்பத்தெட்டு வயதில் அதைச் சொல்லித்தான் இன்னமும் அழுகிறாராம். அந்தத் தங்கை இருக்கிறாரா என்று மட்டும் தெரிந்தால் போதும், போனில் ஒரு முறை பேச வைத்துவிடுவேன் என்றாள்.

அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். இடது புருவத்துக்கு மேலே, ஒரு நெல் நீளம். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அதைத் தொட்டே பார்க்கலாம்.

"நீ சொல்ற குடும்பத்த எனக்குத் தெரியும்மா. அவுக இறந்து ரொம்ப வருசம் ஆச்சு. அந்த வீட்ல இப்ப யாரும் இல்ல," என்றேன்.

அவள் உறையைப் பையில் வைத்தாள். டீயைக் குடிக்காமலே எழுந்தாள். பிறகு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மதுரை பஸ் ஏறினாள். இரண்டு நாள் கழித்து ஒரு வரி எழுதியிருந்தாள். தங்கை இறந்ததைத் தாத்தாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன் என்று.

அதற்குப் பிறகு எனக்கு நிலை கொள்ளவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். வம்ச மரத்தைத் திறப்பேன், மூடுவேன். தரகர் போன் செய்தால் எடுக்கமாட்டேன். எடுக்காமலிருந்துவிட்டு, ஏன் எடுக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொள்வேன். டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். என்னங்க உடம்புக்கு என்று மனைவி கேட்டால் அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

மாசி வந்தது. படையலுக்கு நானும் மனைவியும் ஊருக்குப் போனோம். மத்தியானம் மனைவி இலை போடும்போது கை மறந்து நாலுக்கு ஐந்தாக ஒன்றைப் போட்டுவிட்டாள். அத்தை குனிந்து அந்த ஐந்தாவது இலையை எடுத்துச் சுருட்டினார். அன்று கோபப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏப்பா வாத்தியாரு, செத்தவுகளக் கம்ப்யூட்டர்ல ஏழு தலமொற தேடிப் புடிச்சியாமே. உசுரோட இருக்க ஒருத்தன எனக்குத் தேடிக் குடேன்."

கேலியாகத்தான் சொன்னார். நான் வெளியே நடந்தேன். கண்மாய்க் கரை வரைக்கும் போனேன். வெயிலில் நிற்க முடியாமல் திரும்பி வந்தேன். படையல் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மனைவி முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி வந்தது, அந்தப் பெண் வந்தது, நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டுபிடித்தும் சொல்லவில்லையா என்று ஒரு முறை கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அதெல்லாம் பெறகு வையிறேன். மொதல்ல போனப் போடு."

கனடாவில் அப்போது நடுச்சாமம். நான் செய்த எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்கு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அத்தை முகம் கழுவி, தலை சீவி, துவைத்த சேலை உடுத்திக்கொண்டு போனுக்கு எதிரே உட்கார்ந்தார். சோறு தொடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம், "அங்க இன்னும் விடியலையாப்பா?" என்று கேட்டார். ஆடுகள் கத்தின. அவர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்கு அவளே வீடியோவில் கூப்பிட்டாள். என் மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"தைப்பொங்கல் வரைக்கும் தாத்தா நல்லாக் கதைச்சவர், பெரியப்பா. அதுக்குப் பிறகுதான் பக்கவாதம் வந்தது. இப்ப பேச்சு வராது. ஆனா நாங்க சொல்றது விளங்கும்."

ஐப்பசியில் செய்தி வந்தது, தையில் பேச்சு போய்விட்டது. நடுவில் மூன்று மாதம்.

திரையில் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு முதியவர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அத்தை போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "எங்கய்யா மாதிரியே ஆயிட்டியேண்ணே," என்றார். பிறகு முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினார். "இந்தா பாரு, நீ தள்ளிவிட்டது. இது இருந்தா எவன் கட்டுவான்னு ஆத்தா உன்னய எத்தன நாள் வஞ்சா. எனக்கு என்ன கல்யாணம் ஆகாமயா போச்சு? அழுகாத."

சித்தப்பா இடது கையை மெல்லத் தூக்கித் தன் புருவத்துக்கு மேலே தொட்டுக்காட்டினார். அதே இடம். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு தினமும் சாயங்காலம் அத்தை பேசினார். ஆடு குட்டி போட்டது, கண்மாய் நிறையாதது, யார் யார் செத்தது, எல்லாம். ஒரு பதில்கூட வராது. சித்தப்பா கேட்டுக்கொண்டே இருப்பார்.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணிடம் நிலத்தைப் பற்றிப் பேசினேன். உங்கள் பங்கைப் பிரித்துத் தந்துவிடுகிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "என்ன காணி, பெரியப்பா?" என்றாள். அந்தப் பட்டாத் தாளைச் சொன்னேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தாத்தா கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார்களாம். தோணியில் போனவருக்கு இலங்கையில் வெகுகாலம் குடியுரிமை கிடையாது. எந்த நாட்டுக் காகிதத்திலும் என் பெயர் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். பிறந்த நாட்டு அரசாங்கம் அவர் பெயரை அழிக்காமல் வைத்திருந்த ஒரே தாள் அதுதானாம். அதற்காகத்தான் டீ சிந்தாமல் கையில் பிடித்திருந்திருக்கிறாள்.

சித்தப்பா ஆடி மாதம் காலமானார். அடுத்த மாசியில் ஐந்தாவது இலையை அத்தையே போட்டார். அந்தப் பெண்ணிடம் பக்குவம் கேட்டு, இடியாப்பமும் சொதியும் செய்து வைத்தார். சொதியைத் தாராளமாக ஊற்றினார். நான் நிலத்தை விற்கவில்லை. பட்டாவில் இரண்டு பெயரும் அப்படியே இருக்கின்றன. வம்ச மரத்தில் மட்டும், ஒரு முறை பொய்யாகத் தொட்டு, பிறகு மாற்றிய அந்தக் கட்டத்தை இன்னொரு முறை தொட வேண்டியிருந்தது.

அத்தைக்கு இப்போது எண்பத்தேழு வயது. ஊருக்குப் போனால் டீ போட்டுத் தருகிறார், ஊதிக் குடிக்கச் சொல்கிறார். பிறகு வைவதாகச் சொன்னாரே, அந்த வசவை மட்டும் இன்னும் வையவில்லை. ஒவ்வொரு முறை அவர் வாயைத் திறக்கும்போதும் இதோ வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்காருகிறேன். அவர் ஆட்டைப் பற்றித்தான் பேசுகிறார். ஓர் அண்ணனும் தங்கையும் பேசியிருக்க வேண்டிய மூன்று மாதப் பேச்சைத் தின்றவனுக்கு, அந்த வசவு வராமலே போய்விடுமோ என்ற பயத்தைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.