பரீட்சைக்கு முந்தின நாள் மரக்காணம்

எண்பதுகளில் திண்டிவனத்தில் விலங்கியல் படித்தேன். படிப்பு ஒரு பேருக்குத்தான். எங்கள் வீட்டின் நம்பிக்கையெல்லாம் சாயங்காலம் நான் போய்வந்த டைப்ரைட்டிங் வகுப்பில் இருந்தது. லோயர் கிரேடு பரீட்சை பாஸாகிவிட்டால் டைப்பிஸ்ட் வேலைக்கு மனு போடலாம். கோலியனூர் கழனிகளில் கூலிக்குக் குனிந்த அப்பா நிமிரலாம். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில். காலேஜின் பாழாய்ப்போன கடற்கரைச் சுற்றுலா அதற்கு முந்தின நாள் வந்து தொலைத்தது.

என்னை மட்டும் விட்டுவிடச் சொல்லி விலங்கியல் சாரிடம் கெஞ்சினேன். வராதவனுக்குச் செய்முறை மார்க் கிடையாது என்றார். டைப் அடிக்கப் போகிறவனுக்கு டிகிரி எதற்கு என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தார்.

மரக்காணத்தில் நண்டு, சிப்பி, பாசி என்று பொறுக்கி ஃபார்மலின் பாட்டில்களில் போட்டோம். சார் ஷூவைக் கழற்றவே இல்லை. அவர் கைகாட்டுவார், நாங்கள் எடுப்போம். ஈர மணலில் நீலப் பலூன் போல ஒரு சொறிமீன் கிடந்தது. செத்த பிறகும் கொட்டும் என்று முந்தின வாரம் போர்டில் எழுதிப்போட்ட மகராசனே அவர்தான். எல்லோரும் பின்வாங்கினோம்.

"நீ எடுடா. டைப்பிஸ்ட் விரலு, நடுங்காது" என்றார் என்னைப் பார்த்து.

"நாளைக்குப் பரீட்சை சார்."

"மார்க் வேணுமா, வேணாமா?"

எடுத்தேன். கொள்ளிக்கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. அலறிவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, தடிப்பு எப்படிக் கிளம்புகிறது என்று பாடம் நடத்தினார். கூடப் படித்தவர்கள் சுற்றி நின்று என் கையைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டார்கள்.

மறுநாள் வலது கை புசுபுசுவென்று வீங்கி, விரல் மடங்கவில்லை. அப்பா என்னை சைக்கிளில் வைத்து விழுப்புரம் வரை மிதித்தார். மணி அடித்ததும் ஹால் முழுக்க மிஷின்கள் சடசடத்தன. நான் இடது கையால் தட்டிக்கொண்டிருந்தேன். முதல் பத்தி முடிவதற்குள் பேப்பரை உருவிக்கொண்டார்கள். வெளியே வந்தவனின் முதுகில் அப்பா தட்டிக்கொடுத்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். பேப்பரை உருவிக்கொண்டதை நான் அவரிடம் சொல்லவில்லை.

விடிந்ததும் பண்ணைக்காரர் நடவுக்கு ஆள் கூப்பிட வாசலுக்கு வந்தார். உள்ளே பாயில் கிடந்த எனக்கு அப்பாவின் குரல் கேட்டது.

"என்னை வுட்ருங்க. கையி வீங்கிக்கினு கெடந்தும் பரீட்ச அடிச்சிட்டு வந்துட்டான் எம்புள்ள. இனிமே நான் எதுக்குக் கூலிக்கு வர்றேன்?"

பண்ணைக்காரர் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்.