காகிதக்கூழ் நாயகனின் கன்னம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல எனக்கு எப்போதுமே கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தைக்கிற வேலை பார்த்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். அப்போது எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எனக்குப் பிடித்த நடிகர் ஒவ்வொரு படத்திலும் வந்த வேஷத்தில் பொம்மை வாங்கிச் சேர்ப்பேன். விழுப்புரத்தில் கொலுப் பொம்மை செய்கிறவர்களே படம் நன்றாக ஓடினால் அதன் நாயகனையும் ஒரு சாண் உயரத்தில் காகிதக்கூழில் செய்து தியேட்டர் வாசலில் விற்பார்கள். என் அலமாரியில் பதினோரு பொம்மைகள் நின்றன.

"பொண்ணு பாக்கற வயசுல பொம்ம பாத்துக்கினு கீறான்" என்று மண்டியில் கிண்டல் செய்வார்கள். சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோப்பேன்.

பொம்மையை நான் சும்மா வாங்க மாட்டேன். கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்தால் எல்லா முகமும் நன்றாகத்தான் தெரியும். வெயிலுக்கு எடுத்து வரவேண்டும். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டு சரியாகக் காது மேல் ஓடும். அவசரமாகத் தேய்த்திருந்தால் காது மடிப்பு மழுங்கி, பணியாரம் மாதிரி இருக்கும். பிறகு பொம்மையைத் தலைகீழாகப் பிடிப்பேன். நேராகப் பார்க்கும்போது நடிகர்தான் தெரிவார். கவிழ்த்துப் பார்த்தால்தான் ஒரு கண் ஏறியிருப்பதும், மீசை ஒரு பக்கம் நீண்டிருப்பதும் தெரியும். வெள்ளை காய்வதற்குள் கருவிழி வைத்தால் ஓரம் கசிந்து அழுத கண் மாதிரி ஆகிவிடும். மேலே வார்னிஷ் அதிகமாகப் பளபளத்தால் கீழே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏமாந்து ஏமாந்து தெரிந்துகொண்டேன்.

இந்தச் சங்கதி எப்படியோ விழுப்புரத்து ரசிகர் மன்றத் தலைவர் காதுக்குப் போனது. சைக்கிள் கடை வைத்திருந்தவர். நடிகர் அடுத்த வாரம் ரயிலில் தெற்கே படப்பிடிப்புக்குப் போகிறார், விழுப்புரத்தில் ரயில் நிற்கும்போது நூறாவது நாள் ஓடிக்கொண்டிருந்த படத்தின் பொம்மை ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும், மூன்று பேர் செய்திருக்கிறார்கள், நீதான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆள் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் கடைக்குப் போனேன். என் வீட்டுச் சுவரில் மாதக்கணக்காக ஒட்டியிருந்த அந்தப் படத்தின் போஸ்டரைப் பதமாக உரித்துச் சுருட்டி எடுத்துப் போனேன். பெஞ்சின் மேல் மூன்று பொம்மைகள். இரண்டு சுமார். மூன்றாவதைக் கையில் எடுத்து வெயிலுக்குக் கொண்டு போனேன். காது காது மாதிரி இருந்தது. தலைகீழாகப் பிடித்தும் முகம் கலங்கவில்லை. அதைச் செய்தவர் வாசல் ஓரமாக நின்றிருந்தார். மாதா கோயில் தெருவைச் சேர்ந்த ஒரு அக்கா. கிறிஸ்துமஸ் குடிலுக்கு இடையர்களும் ராஜாக்களும் செய்து வர்ணம் தீட்டுகிறவர்.

ஆனால் அந்தப் படத்தில் நாயகனுக்குக் கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. போஸ்டரில் அது வலது கன்னம். மற்ற இரண்டு பொம்மைகளிலும் வலது. அக்கா இடது கன்னத்தில் போட்டிருந்தார்.

"படத்துல இடதுதாம்பா" என்றார் ஒருவர்.

"நீ எதிர்ல குந்திக்கினு பாக்கற. உனக்கு அப்டித்தான் தெரியும்" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்கு தடவை படம் பார்த்தவன் நான். ஆனால் மனதில் நின்றது தினமும் கண் விழித்ததும் பார்த்த அந்தப் போஸ்டர்தான். அதை விரித்துக் காட்டி, "தழும்பு மாறிப் போச்சுங்க. இது வேணாங்க" என்றேன். சுமாரில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா தன் பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்டார். போகிறபோது, "தம்பி, உன் போஸ்டர்ல சட்டப் பாக்கெட்டு எந்தப் பக்கம் கீதுன்னு பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மடியில் விரித்தேன். பாக்கெட் வலது மார்பில் இருந்தது. என் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இடது. பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பார்த்தேன். அவருக்கும் இடது. அச்சகத்தில் படத்தையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கண் ஏறியிருக்கிறதா, மீசை இறங்கியிருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கிறவன், இத்தனை மாதம் இதைப் பார்க்கவில்லை.

விக்கிரவாண்டியில் இறங்கி, ரோட்டைக் கடந்து, திரும்ப விழுப்புரம் பஸ் ஏறினேன்.

தலைவரும் மற்றவர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாயா, இப்பத்தான பஸ் ஏத்திவுட்டோம்?" என்றார் தலைவர். போஸ்டரைப் பிடித்துக்கொண்டு என் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினேன். பிறகு ஒரு வழியாக, "நான் சொன்னது தப்புங்க. அந்த அக்காதுதான் சரி" என்றேன். ஒவ்வொருவராகத் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்தார்கள். "எனுக்கு ரெண்டு பக்கமும் கீதே, நான் இன்னா பண்றது?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்காமல், "வேணாம்னு சொன்னது நீ. நீயே போய்க் கேட்டு வாங்கினு வா" என்றார்.

போனேன். அக்கா வாசலில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, கன்னம் சரியாய்ட்டுதா?"

"மன்னிச்சிடுங்கக்கா."

அக்கா பிரஷை உதறி வைத்தார். பிறகு உள்ளே போய்ப் பொம்மையை எடுத்து வந்தார். "கும்பல்ல என்னால வர முடியாது. இருபது வருசமா முகம் எழுதறேன். நான் எழுதின முகத்த, அந்த முகத்துக்குச் சொந்தக்காரரு யாரும் இதுவரைக்கும் பாத்ததில்ல. அவரு இதப் பாக்கறாரா, அத மட்டும் பாத்துக்கினு வந்து சொல்லு. போதும்."

ரயில் வந்த அன்று பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. என்னைத் தூக்காத குறையாக முன்னே தள்ளினார்கள். நடிகர் கதவருகே வந்து கும்பிட்டார். தலைவர் பொம்மையை நீட்டினார். நடிகர் ஒரு கையால் வாங்கி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நின்ற ஆளிடம் கொடுத்துவிட்டு, மாலைக்குக் குனிந்தார். அந்த ஆள் அதைக் கழுத்தில் பிடித்து உள்ளே கொண்டு போனான். ரயில் நகர்ந்தது. நான் மூன்று அடி தள்ளி நின்றேன். எனக்கு எல்லாம் தெரிந்தது.

மாதா கோயில் தெருவுக்கு நடந்து போவதற்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"பாத்தாரா?" என்றார் அக்கா.

"பாத்தாருக்கா."

"மூஞ்சியையா, சும்மா வேசத்தையா?"

"மூஞ்சியத்தான். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடிச்சுப் பாத்தாரு."

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டுப் போ தம்பி" என்றார். மீன் குழம்பு. நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

பொம்மையில் தப்பாகச் சொன்னதைத் திரும்பிப் போய்த் திருத்தினேன். இதைத் திருத்த எந்த ஊரிலும் இறங்கி நான் பஸ் மாறவில்லை. அக்கா நம்பினாரா என்பதும் எனக்குத் தெரியாது. போன மாதம் அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

12.10.2014, ஞாயிறு.