வண்டி நின்றால் தெலுங்கு

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். மறதியும் உண்டு. முன்னால் நடந்ததைப் பின்னால் போட்டுவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டைப் பற்றி எங்கள் வேனில் நடந்த சண்டையை எழுதப்போகிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அதனால் அந்தச் சண்டையில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒன்றுவிடாமல் கேட்டேன்.

கர்நாடகப் பக்கம் இருக்கிற ஒரு தையல் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறேன். கம்பெனி வேன் விடிகாலையில் பேரிகையிலிருந்து கிளம்பும். சிலர் பேரிகையிலேயே ஏறுவார்கள், நான் பாகலூரில், மற்றவர்கள் ஓசூரில். எல்லோரும் பெண்கள். வீட்டில் ஆளுக்கொரு பாஷை. எனக்கே வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ், வேலையில் கன்னடம். வேனில் எந்தப் பாஷைப் பாட்டுப் போடுவது என்று முன்பெல்லாம் தினமும் தகராறு. டிரைவர் ஒரு நாள், தமிழ்நாட்டு எல்லை முடிகிற ஜூஜுவாடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சட்டம் போட்டான்.

"ஜூஜுவாடி வரைக்கும் தமிழு. தாண்டுனா கன்னடா. சரியா?"

"அப்ப தெலுங்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வண்டி நிக்கிற எடம் யாரு மண்ணும் இல்ல. வண்டி நின்னா தெலுங்கு."

அவனுக்கும் வீட்டில் தெலுங்குதான். எல்லை டோல்கேட்டில் வேண்டுமென்றே நீளமான வரிசையாகப் பார்த்து நிறுத்துகிறான் என்று ஒரு பேச்சு உண்டு. இருந்தாலும் அந்தச் சட்டம் நிலைத்துவிட்டது. சிக்னலில் நின்றாலும் தெலுங்கு, டயர் பஞ்சரானாலும் தெலுங்கு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பாட்டு வந்தது. பாட்டு என்று சொல்வதா பேச்சு என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. ஒருவன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகிறான், அடியில் தொம் தொம் என்று தாளம், நடுநடுவே நாலு பெண்கள் சேர்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். டீக்கடையில் அது, ஷேர் ஆட்டோவில் அது, மாரியம்மன் பண்டிகை மைக்கில் அது. மூன்று பாஷையிலும் ஒரே மெட்டு. ஆகவே எங்கள் டிரைவருக்கு வேலை மிச்சம். தமிழ் மண்ணில் தமிழில் அது, கன்னட மண்ணில் கன்னடத்தில் அது, டோலில் தெலுங்கில் அது.

அதை வெறுத்தவர்களுக்குத் தலைவி தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் வேலை செய்கிற ஒரு அம்மாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் குடியிருப்பவள். பெரிய குரல். அவள் சரி என்றால் வேனே சரி என்னும்.

"இது பாட்டாடி? ரேசன் கடையில வரிசையில நின்னு சண்டை போடுற மாதிரில்ல இருக்கு" என்பாள்.

பதில் சொல்வது நூல் வெட்டுகிற ஹெல்பர் பெண். பேரிகையில் ஏறுகிறவள், ஒல்லியாக இருப்பாள். "இது ஹிப் ஹாப்புக்கா. சண்டைன்னாலும் தாளத்தோட போடற சண்டை."

"ஒரே வரிய எத்தன தடவடி சொல்லுவாளுக?"

"நீங்க உங்க ஊட்டுக்காரருகிட்ட ஒரே வார்த்தைய எத்தன தடவக்கா சொல்றீங்க?"

வேன் முழுக்கச் சிரிப்பு. ஆனேக்கல்லில் பிறந்த ஒரு டெய்லர் பெண் நடுவில் புகுவாள். "பாட்டு சென்னாகிதே. ஆனா தினா கேட்டு கேட்டு சாக்காயித்து." நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போதும் போதும் என்று ஆகிவிட்டது என்கிறாள்.

"அது பாட்டோட தப்பாக்கா? போடறவங்க தப்பு" என்பாள் ஹெல்பர் பெண்.

எனக்கு இது பெரிய யோசனையாக இருந்தது. சர்க்கரைப் பொங்கலைத் தினமும் போட்டால் திகட்டும். ஆனால் களியைத் தினமும் தின்கிறோமே, அது ஏன் திகட்டவில்லை? அந்தப் பாட்டு பொங்கலா களியா? அதைக் கண்டுபிடிக்க, நாளைக்கு ஒரு சத்தம் என்று எடுத்து வைத்துக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் தொம் தொம் மட்டும்தான் காதில் விழுந்தது. பிறகு ஒரு கைத்தட்டல் தெரிந்தது. அதற்குப் பிறகு, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ ஒரு பெண் மெதுவாகச் சிரிப்பது கேட்டது. அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டே யோசித்தேன். இன்னொன்றும் பார்த்தேன். அந்தக் கைத்தட்டல் வரும் இடத்தில் செக்கிங் அம்மாளின் கட்டைவிரல் டிபன் டப்பா மூடியை ஒரு தட்டுத் தட்டும். தினமும். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆயுத பூஜை நெருங்கியது. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்ததும் பேக்கிங் ஹாலில் ஆட்டம் பாட்டம் வைப்பார்கள். ஹெல்பர் பெண் பெயர் கொடுக்கப் போனாள். ஹெச்.ஆர். மேடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பிவிட்டார். தனியாகப் பாடக்கூடாது, குழுவாக வர வேண்டும். பாஷை கன்னடம் மட்டும். ஆளுக்கொரு பாஷையில் ஆரம்பித்தால் கலாட்டா ஆகும்.

மறுநாள் காலை அவள் வேனில் எழுந்து நின்று கேட்டாள். "தையில எனக்குக் கல்யாணம். முல்பாகல் பக்கம் போறேன். வேலைக்கு அனுப்ப மாட்டோம்னு இப்பவே சொல்லிட்டாங்க. மைக் புடிச்சு ஒரே ஒரு தடவ பாடணும். எங்க லைன்ல எல்லாரும் கோலாட்டத்துக்குப் போய்ட்டாங்க. நீங்க அந்த நாலு பொண்ணுங்க வரிக்கு மட்டும் கூட நிக்கிறீங்களா?"

எல்லோரும் செக்கிங் அம்மாள் முகத்தைப் பார்த்தார்கள்.

"நில்லுனா நிக்கிறேன். ஆனா இந்தப் பாட்டுக்கு நிக்க மாட்டேன். மெலடியா ஒரு பாட்டு எடு."

"சரிக்கா. நீங்க சொல்ற பாட்ட இப்பவே பாடறேன். நல்லா இருந்தா அதயே வச்சுக்கலாம்."

அந்த அம்மாள் ஒரு பழைய தாலாட்டு மாதிரியான பாட்டைச் சொன்னாள். பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். நல்ல குரல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடிகாலை நேரம். இரண்டாவது சரணத்தில் பாதி வேன் தூங்கிவிட்டது. செக்கிங் அம்மாளுக்கே தலை ஜன்னலில் மோதியது.

டெய்லர் பெண் சொன்னாள்: "இத பாடுனா பூஜ போட்ட மெஷின் கூடத் தூங்கிரும்."

செக்கிங் அம்மாள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "சரி, வந்து தொலைக்கிறேன். கை மட்டும்தான் தட்டுவேன். வாயத் தொறக்க மாட்டேன், ஆமா."

"அவ்வாவும் வரணும்" என்று பெண் என்னைக் காட்டினாள். தெலுங்கில் பாட்டி என்று அர்த்தம், வேனில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைசி வரிசையில், உயரமானவர்களுக்குப் பின்னால் என்றதும் தலையாட்டினேன்.

ஒத்திகை எல்லாம் வேனில்தான். வேறு நேரம் ஏது? ஜூஜுவாடி தாண்டியதும் கன்னடத்தில் பாடிப் பார்ப்போம். டோலில் வண்டி நிற்கும், வாய் தானாகத் தெலுங்குக்குப் போகும். நகர்ந்ததும் மறுபடி கன்னடம். செக்கிங் அம்மாள் சொன்னபடி கையை மட்டும் தட்டினாள்.

பூஜையன்று பேக்கிங் ஹாலில் அட்டைப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி மேடை போட்டிருந்தார்கள். பொரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஜனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. அந்தப் பாட்டின் தொம் தொம் தொடங்கியதும் "அய்யோ, இதேவா!" என்று முன்வரிசையில் யாரோ கத்தினார்கள். ஹெல்பர் பெண் அதைக் காதில் வாங்கவில்லை. கன்னடத்தில் ஒரு சுற்றுப் பாடி முடித்தாள். நாங்களும் எங்கள் வரியைக் கன்னடத்தில் சரியாகச் சொன்னோம்.

இரண்டாவது சுற்றில் மெஷினுக்கெல்லாம் போட்டிருந்த சீரியல் லைட் பளிச்சென்று ஒரு தரம் மின்னியது. கரண்ட் டிரிப் ஆகிவிட்டது. பாட்டு நின்றது, மைக் நின்றது, ஃபேனும் நின்றது. அந்தப் பெண் வாய் திறந்தபடி நின்றாள். அவள் பின்கழுத்து சிவந்து போனதை நான் பார்த்தேன். அவளுக்கு இருந்தது இந்த ஒரு தடவைதான்.

அப்போது எனக்கு முன்னாலிருந்து பெரிய குரல் ஒன்று கிளம்பியது. செக்கிங் அம்மாள். அந்த நாலு பெண்கள் வரியை எடுத்தாள். தெலுங்கில்!

நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. டோலில் பாடுகிற மாதிரி அத்தனை பேரும் தெலுங்கில் சேர்ந்துகொண்டோம். என் குரலும் வெளியே வந்தது, எனக்கே கேட்டது. வாசலில் நின்றிருந்த எங்கள் டிரைவர் விசிலடித்தான். ஆந்திராவில் இருக்கிற குப்பம் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே கூடப் பாடினார்கள். ஹெல்பர் பெண் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் கைத்தட்டலை மட்டும் வைத்துக்கொண்டு முழுச் சுற்றையும் தெலுங்கில் கத்தித் தீர்த்தாள். கரண்ட் வந்ததும் சவுண்டுக்காரர் பாட்டை முதலிலிருந்து போட்டார். அவள் கன்னடத்தில் மறுபடியும் முழுக்கப் பாடினாள். "இதேவா" என்று கத்திய முன்வரிசை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கேட்டது.

கீழே இறங்கியதும் ஹெச்.ஆர். மேடம் எதிரே வந்தார். அவர் சேலம் பக்கம், எங்களிடம் தமிழில்தான் பேசுவார். "கன்னடத்துல மட்டும்னு சொன்னேன் இல்ல?"

"கரண்ட்டு போனது எங்க தப்பா மேடம்?" என்றாள் செக்கிங் அம்மாள்.

"கரண்ட்டு போனா தெலுங்கா?"

"வண்டி நின்னா தெலுங்கு மேடம். பழகிப் போச்சு."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரைவர் வந்து விளக்கினான். கேட்டு முடித்ததும் மேடம் பொரியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததில் புரையேறிவிட்டது. அத்தோடு விஷயம் முடிந்தது.

திரும்பும்போது வேனில் மறுபடியும் அதே சண்டை.

"பாட்டு குப்பைதான். அதுல மாத்தமே இல்ல" என்றாள் செக்கிங் அம்மாள்.

"தெலுங்கு தெரியாதும்பீங்களே. குப்பைய எதுக்குக்கா தெலுங்குல மனப்பாடம் பண்ணீங்க?"

"நான் எங்கிட்டுடி பண்ணேன்? அதா வந்து ஒட்டிக்கிருச்சு."

"ஒட்டுறதெல்லாம் நல்லதா? மாம்பால் கூடத்தான் ஒட்டுது" என்றாள் டெய்லர் பெண்.

மாங்காய் பறித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பால் பட்ட இடம் கறுத்துப்போய்ப் பல நாள் இருக்கும். பாட்டு நன்றாக இருப்பது வேறு, ஒட்டிக்கொள்வது வேறா? இரண்டும் ஒன்றா? ஓசூர் வரும் வரைக்கும் இதே வாக்குவாதம். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்பர் பெண் மட்டும் விவாதத்தை விட்டுவிட்டு, ஜன்னலோரம் தொண்டை கட்டிய குரலில் ஏதோ முனகிக்கொண்டு வந்தாள். சொன்னபடி தையில் முல்பாகல் போய்விட்டாள்.

இதில் சில விஷயம் எனக்கு உறுதியாகத் தெரியாது. அந்தப் பாட்டு முதலில் எந்தப் பாஷையில் வந்தது, கரண்ட் போனது இரண்டாவது சுற்றிலா மூன்றாவதிலா, அவள் அன்று உடுத்தியது பச்சைச் சேலையா நீலமா. அன்று அந்த ஹாலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பார்த்துத் திருத்திக் கொடுங்கள். பாட்டில் சிரிக்கிற பெண் எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரிந்தாலும் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.